நர்சிங் சீட்: கவுன்சிலிங்குக்குக் காத்திருப்பதா, மேனேஜ்மென்ட்டில் உடனே சேர்ப்பதா?

போன வருடம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலத்துக்குள் அக்காவுக்கு ஐந்து நர்சிங் கல்லூரிகளிலிருந்து போன். நம்பர் எப்படிக் கிடைத்ததோ. "சீட் முடியப் போகுது மேடம், அட்வான்ஸ் மட்டும் கட்டி பிளாக் பண்ணிக்குங்க" என்று ஐவரும் ஒரே பாட்டு. ராத்திரிக்குள் அக்கா வளையலைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டாள். தடுத்தது நான். ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ முடித்து, பிறகு அதைப் பட்டமாக்கும் போஸ்ட் பேசிக் படித்து, இப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். அதனால் அக்கா மகள் விஷயத்தில் என் பேச்சு அந்த வீட்டில் கொஞ்சம் எடுபடும். மதிப்பெண் ரேங்க்படி அரசு இடம் ஒதுக்குவது கவுன்சிலிங், கல்லூரியே பணம் வாங்கிச் சேர்ப்பது மேனேஜ்மென்ட். நான் கவுன்சிலிங் கட்சி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியை அதற்குத் தக்கபடி படித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வழியிலும் கிடைப்பது அதே நான்கு வருட, எட்டு செமஸ்டர் பி.எஸ்சி. நர்சிங். அதே டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகப் பட்டம். கட்டணம் கவுன்சிலிங்கில் குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாத இடம் ஒன்று உண்டு: குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கும் பிள்ளைக்கான முதல் பட்டதாரி சலுகை கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கிடையாது. அதே கல்லூரியில், அதே பெஞ்சில் உட்கார்ந்தாலும் கிடையாது. தனியார் கல்லூரிகளும் இடங்களில் ஒரு பங்கை அரசு ஒதுக்கீட்டுக்குத் தருகின்றன என்பதால், கவுன்சிலிங் என்றாலே அரசுக் கல்லூரி என்று நினைத்து ரேங்க் குறைந்த பிள்ளைகள் விண்ணப்பிக்காமலே விடுவது பெரிய நஷ்டம்.

மேனேஜ்மென்ட் சீட்டில் நல்லது ஒன்றுதான், ஆனால் அது சின்ன விஷயமில்லை: நிம்மதி. பணம் கட்டிய அன்றே ஊர், ஹாஸ்டல், யூனிஃபார்ம் எல்லாம் முடிவாகிவிடும். கவுன்சிலிங் அப்படியில்லை. எம்.பி.பி.எஸ். ஓடி, மற்றது ஓடி, நம் முறை வர செப்டம்பர், அக்டோபர் என்று இழுத்த வருடங்கள் உண்டு. தெருவில் மற்ற பிள்ளைகள் எல்லாம் காலேஜ் பஸ் ஏறும்போது நம் பிள்ளை மட்டும் வீட்டில். ஜூலையில் அக்கா என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை.

விண்ணப்பம் என்று பார்த்தால், மேனேஜ்மென்ட்டில் அது வெறும் ஃபாரம். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்து நர்சிங் கவுன்சில் சொல்லும் 45 சதவீதம் இருந்து, ஆங்கிலத்தில் பாஸாகி, டிசம்பர் 31-க்குள் 17 வயது நிரம்பினால் போதும். கவுன்சிலிங்கில் மதிப்பெண்தான் ரேங்க். அது ரிசல்ட் அன்றோடு முடிந்த கதை. அதற்குப் பிறகு நம் கையில் இருப்பது இரண்டு: சான்றிதழ்கள், கல்லூரிகளை வரிசைப்படுத்துவது.

சான்றிதழில் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் அக்கா மகள் பெயரில் ஆங்கிலத்தில் ஒரு 'எச்' இருக்கிறது. ஜாதிச் சான்றில் இல்லை. இத்தனை வருடம் யாரும் கவனிக்கவில்லை. விண்ணப்பத்துக்காக ஸ்கேன் செய்யும்போது இ-சேவை மையத்துப் பையன்தான் கண்டுபிடித்தான். அதைச் சரிசெய்ய மூன்று வாரம், தாலுகா ஆபீஸுக்கு நான்கு நடை. விண்ணப்பம் திறந்த பிறகு தெரிந்திருந்தால் கடைசித் தேதி போயிருக்கும். முதல் பட்டதாரி சான்றுக்கும் விசாரணை, உறுதிமொழி என்று நாள் பிடிக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் அங்கே படித்ததற்கான போனஃபைட் சான்று வாங்க வேண்டும். அரசுப் பள்ளிப் பெண் என்றால் அதே போனஃபைட் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் உதவும். இதையெல்லாம் பிளஸ் டூ பரீட்சை முடிந்த மறுநாளே தொடங்கிவிடுங்கள்.

இனி நான் கவுன்சிலிங் பக்கம் சாய்ந்த உண்மையான காரணம். அது பணம் இல்லை. கட்டில்.

நர்சிங் வகுப்பறையில் கற்பது பாதிதான். மீதி வார்டில், நோயாளியின் கட்டிலருகே. நான் ஜி.என்.எம். படித்த இடத்தின் பெயர் வேண்டாம். அங்கே ஒரு மெடிக்கல் வார்டில் எட்டு நோயாளிகள், பார்க்க வந்த மாணவிகள் பதினான்கு பேர். ஒரு தாத்தாவுக்குக் காலையில் ஒருத்தி பி.பி. பார்த்துவிட்டுப் போனால் அடுத்தவள் வருவாள். நான்காவது ஆள் போனபோது அவர் சட்டைக்கையை மடித்துத் தயாராக நீட்டிக்கொண்டு, "எழுதிக்கோம்மா, நூத்தி முப்பதுக்கு எண்பது" என்றார். படிப்பு முடித்து வேலைக்குப் போன முதல் வாரம் கேனுலா (ட்ரிப் ஏற்ற நரம்பில் செருகும் சின்னக் குழாய்) போடச் சொன்னார்கள். மொத்தப் படிப்பிலும் நான் உயிருள்ள கையில் போட்டது ஆறோ ஏழோ. நரம்பு நழுவியது, ஊசி முனை அதைத் தாண்டிப் போய் ரத்தம் கட்டியது, சீனியர் அக்கா என்னைத் தள்ளிவிட்டுத் தானே போட்டார். என்னோடு சேர்ந்தவள் படிக்கும்போது அரசு ஆஸ்பத்திரியில் போஸ்டிங், அதாவது வார்டுப் பயிற்சி, பார்த்தவள். பேசிக்கொண்டே போட்டாள்.

கல்லூரிக்குச் சொந்தமாக நூறு படுக்கை மருத்துவமனை வேண்டும் என்று இந்திய நர்சிங் கவுன்சில் கேட்கிறது. காகிதத்தில் எல்லோரிடமும் இருக்கும். போன வருடம் நானும் அக்காவும் மேனேஜ்மென்ட் சீட் தருவதாகச் சொன்ன ஒரு கல்லூரிக்குப் போய்ப் பார்த்தோம். கட்டடம் அருமை. லேபில் பொம்மை மேல் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறை இன்னும் பிரியவில்லை. வார்டில் வரிசையாகக் கட்டில்கள், பெண் பார்க்க வருகிறார்கள் என்று விரித்தது போல மடிப்புக் கலையாத விரிப்பு. ட்ரிப் ஸ்டாண்ட் ஒன்றில்கூட பாட்டில் தொங்கவில்லை. வாசலில் நின்ற இரண்டாம் வருடப் பெண்ணிடம் "நேத்து எந்த வார்டு?" என்று கேட்டேன். பதிலுக்குச் சிரித்தாள். இந்த ஒரு கேள்வி போதும், பிராஸ்பெக்டஸ் வேண்டாம்.

சென்னை மருத்துவக் கல்லூரி, மதுரை, செங்கல்பட்டு, சேலம், தேனி போன்ற அரசு நர்சிங் கல்லூரிகளில் இந்தப் பிரச்சினை நேர் எதிர். கட்டில் போதாமல் தரையில் பாய் போட்டு நோயாளி படுத்திருப்பார். பிரசவ வார்டில் ஒரு ராத்திரியில் ரெக்கார்ட் நோட்டுக்குத் தேவையான கேஸ் நிறையவே வரும். இடங்கள்தான் மிகக் குறைவு. அதனால் சாய்ஸ் ஃபில்லிங்கில் நாங்கள் செய்தது இது: அரசுக் கல்லூரிகள் எல்லாம் மேலே, ஊர் தூரம் பார்க்காமல். அதற்குக் கீழே, பெரிய மருத்துவமனை உள்ள அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு மாணவிகளை அனுப்பும் தனியார் கல்லூரிகள். வீட்டுக்குப் பக்கம் என்று அக்கா ஆசைப்பட்ட கல்லூரி கடைசியில். மேனேஜ்மென்ட்டிலும் நல்ல போஸ்டிங் உள்ள கல்லூரிகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே அவசரப்படுத்தியே கையெழுத்து வாங்குகிறார்கள், வார்டைச் சுற்றிப் பார்க்க நேரம் தருவதில்லை. என் அனுபவம் ஐந்தாறு கல்லூரிகளோடு சரி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜி.என்.எம். பற்றிக் கேட்பவர்களுக்கு: நான் அக்கவுண்டன்சி குரூப், எனக்கு வேறு வழியில்லை. அதற்கு எந்த குரூப்பும் போதும். என் காலத்தில் மூன்றரை வருடம், இப்போது மூன்று. அதன் மேல் போஸ்ட் பேசிக் இரண்டு. ஆக ஐந்து வருடத்தில் வரும் பட்டம் நேராகப் போனால் நான்கில் வருகிறது. அரசு மருத்துவமனை வேலைக்கான தமிழக அரசின் எம்.ஆர்.பி. தேர்வை இருவரும் எழுதலாம். எய்ம்ஸ் நடத்தும் நர்ஸ் வேலைத் தேர்வான நார்செட்டுக்கு மட்டும் ஜி.என்.எம். காரர்கள் ஐம்பது படுக்கை மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் காட்ட வேண்டும். சயின்ஸ் குரூப் படித்த பிள்ளையை இதில் சேர்க்க நான் சொல்ல மாட்டேன்.

ஜிப்மர், ராணுவ நர்சிங் இரண்டுக்கும் நீட் மதிப்பெண் வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு யோசித்தால் அந்த வண்டி போயிருக்கும். 1946-லேயே நர்சிங்கில் பட்டப்படிப்பு தொடங்கிய வேலூர் சி.எம்.சி. தனி வழி. எங்கள் வீட்டில் யாரும் இவற்றை முயலவில்லை, அதனால் கேள்விப்பட்டதை வைத்து அளக்கவில்லை.

அக்கா மகளுக்கு அரசுக் கல்லூரி கிடைக்கவில்லை. பட்டியலில் ஏழாவதாகப் போட்ட தனியார் கல்லூரியில், அரசு ஒதுக்கீட்டில் கிடைத்தது. போஸ்டிங் மாவட்டத் தலைமை மருத்துவமனையில். காலை ஆறரைக்கு பஸ். போன வாரம் போனில், "சித்தி, இங்க பி.பி. பாக்க ஆள் பத்தல, நீ வேற!" என்றாள். கேனுலா போட இன்னும் விடவில்லையாம்.