பிஎச்.டி.க்கு அமெரிக்காவா, நெதர்லாந்தா: நான் லைடன் போன கணக்கு

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மார்ச் மாதம், வானியற்பியல் பிஎச்.டி.க்கு என் கையில் இரண்டு அட்மிட் இருந்தன. ஒன்று அமெரிக்கா, பெரிய பெயர் உள்ள துறை. மற்றது நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகம். அமெரிக்கத் துறைகள் ஏப்ரல் 15 வரை யோசிக்க விடும், ஐரோப்பாவில் அவ்வளவு பொறுமை கிடையாது. "அமெரிக்காவை விட்டுட்டு அங்கே ஏம்மா போகணும்?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. லைடனில் 1633 முதல் வானாய்வகம் இருக்கிறது என்று நான் சொன்னது அவரிடம் எடுபடவில்லை.

லைடன்தான் போனேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாயும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

படிப்பின் தரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், இரண்டும் நல்ல இடம். எங்கே போனாலும் கைடு அமைவதைப் பொறுத்துத்தான் எல்லாம். காலத்தில் வித்தியாசம் உண்டு. அமெரிக்காவில் முதல் இரண்டு வருடம் வகுப்பு, அப்புறம் தகுதித் தேர்வு, மொத்தம் ஐந்து ஆறு வருடம். நெதர்லாந்தில் நான்கு வருடம், ஆனால் எம்.எஸ்சி. கையில் இருக்க வேண்டும். பி.எஸ்சி. முடித்த கையோடு கிளம்ப நினைப்பவர்களுக்கும், எந்தத் தலைப்பு என்று இன்னும் முடிவாகாதவர்களுக்கும் அமெரிக்காதான் சரி. அங்கே தடம் மாற நேரம் இருக்கும். இங்கே நாலாவது மாதமே என் கைடு, "முதல் பேப்பர் எப்போது?" என்று கேட்டார்.

தொலைநோக்கியில் அமெரிக்கா ஒரு படி மேல் என்பார்கள். ஹவாயில் உள்ள இரண்டு 10 மீட்டர் கெக் தொலைநோக்கிகளில் கால்டெக், கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் போன்ற சில நிறுவனங்களுக்குச் சொந்தப் பங்கு உண்டு; அங்கே சேரும் மாணவருக்கு அது சொத்து மாதிரி. ஆனால் 1962-ல் ஐரோப்பியத் தெற்கு வானாய்வகத்தைத் தொடங்கிய ஐந்து நாடுகளில் நெதர்லாந்தும் ஒன்று. சிலியில் பரனால் மலைமேல் அதற்கு நான்கு 8.2 மீட்டர் தொலைநோக்கிகள் இருக்க, எனக்கு இதில் குறை தெரியவில்லை. பணத்தில் மட்டும் கொஞ்சம் வயிற்றெரிச்சல். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியில் யாரும் நேரம் கேட்கலாம். விண்ணப்பித்தவர் யார் என்று தெரியாமல்தான் தேர்வுக் குழு படிக்கிறது. ஆனால் நேரம் கிடைத்தபின், அமெரிக்காவில் இருப்பவருக்கு ஆய்வுப் பணமும் சேர்ந்து வரும். எங்களுக்குத் தரவு மட்டும்.

என் முடிவை ஆட்டியது இவை எதுவுமில்லை. விசாதான்.

வானியற்பியலில் பிஎச்.டி. முடித்தால் வேலை கிடைத்துவிடாது. இரண்டு மூன்று வருட போஸ்ட்டாக் என்னும் தற்காலிக ஆய்வுப் பணி, அப்புறம் இன்னொன்று, சில பேருக்கு மூன்றாவதும். ஒவ்வொன்றும் வேறு ஊர், பல நேரம் வேறு நாடு. விளம்பரங்கள் ஆகஸ்டில் தொடங்கும், நவம்பர் டிசம்பரில் கடைசி நாள், வாய்ப்பு வந்தால் பிப்ரவரி 15-க்குள் பதில். அதற்கு முந்தைய ஒன்றிரண்டு வருடம் ஊர் ஊராகப் போய்ப் பேசி முகம் காட்ட வேண்டும். அப்போது பாஸ்போர்ட்டில் உள்ள விசா நமக்கு உதவுமா, காலை வாருமா என்பதுதான் என் கேள்வி.

இந்தியருக்கு அமெரிக்க மாணவர் விசா பொதுவாக ஐந்து வருடம். பிஎச்.டி. ஆறு வருடம் ஆகலாம். முத்திரை காலாவதியானாலும் அமெரிக்காவுக்குள் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. வெளியே வந்தால்தான் சிக்கல். எம்.எஸ்சி.யில் எனக்கு சீனியரான ஓர் அக்கா இப்போது அங்கே ஆறாவது வருடம். போன கோடையில் லைடனில் நடந்த கருத்தரங்கில் பேச அவருக்கு அழைப்பு இருந்தது. வந்திருந்தால் சென்னைக்குப் போய், ஜெமினி மேம்பாலத்தடியில் வரிசையில் நின்று, புது முத்திரை வாங்கித்தான் திரும்ப முடியும். 2025 செப்டம்பர் முதல், சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் நேர்காணலுக்கு நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நேர்காணல் தேதி தள்ளிப்போனால் தீசிஸ் என்ன ஆவது? அவர் திரையில்தான் பேசினார். அவர் ஊரில் விடிகாலை நான்கு மணி. பின்னால் ஜன்னல் இருட்டாக இருந்தது, கையில் காபி. பேச்சு பிரமாதம். முடிந்ததும் எல்லாரும் டீ குடிக்கப் போனார்கள், திரையை அணைத்துவிட்டார்கள். போஸ்ட்டாக் பேச்செல்லாம் அந்த டீ மேசையில்தான் நடக்கிறது.

அமெரிக்காவில் பட்டம் வாங்கியபின், மாணவர் விசாவிலேயே வேலை பார்க்க விடும் ஓ.பி.டி. அனுமதியில் ஒரு வருடம், அறிவியல் துறை என்பதால் இன்னும் இரண்டு வருடம். ஒரு போஸ்ட்டாக்குக்குச் சரியாக இருக்கும். அதற்குமேல் வேறு விசா. கிரீன் கார்டு வரிசை இந்தியருக்கு எவ்வளவு நீளம் என்று எல்லா வீட்டிலும் தெரியும். கிரீன் கார்டு கையில் இல்லாமல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் வானியல் போஸ்ட்டாக் ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கவே முடியாது. நாசாவின் ஹப்பிள் ஃபெலோஷிப்புக்கு நாடு தடையில்லை. ஆனால் அதற்கு எத்தனை பேர் மோதுகிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

நெதர்லாந்தில் நான் மாணவி இல்லை, பல்கலைக்கழக ஊழியர். சேர்ந்த மாதமே சம்பளச் சீட்டு வந்தது: வரிக்கு முன் சுமார் 3,000 யூரோ, அதில் ஓய்வூதியப் பிடித்தம். 25 வயதில் எனக்கு ஓய்வூதியமா என்று சிரித்தேன். மே மாதம் விடுமுறைப் படி என்று தனியாக 8 சதவீதம் வருகிறது. ஊருக்கு டிக்கெட் அதில்தான். குடியிருப்பு அட்டை வேலை ஒப்பந்தத்தோடு ஓடுகிறது. ஷெங்கன் நாடுகளில் எந்தக் கருத்தரங்குக்கும் ரயில் ஏறிப் போய்விடலாம். பட்டத்துக்குப் பின் மூன்று வருடத்துக்குள் 'தேடல் ஆண்டு' என்று ஒரு வருட அனுமதி கேட்கலாம், வேலை கையில் இல்லாவிட்டாலும்.

குறையும் உண்டு. வீடு கிடைப்பது பெரும்பாடு. முதல் ஏழு வாரம் ஒரு சீனியரின் சோஃபாவில் படுத்தேன். ஐரோப்பாவின் மேரி கியூரி ஃபெலோஷிப் வேண்டுமானால், முந்தைய மூன்று வருடத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்த நாட்டுக்கே கேட்க முடியாது. அதாவது எனக்கு நெதர்லாந்து இல்லை. ஜெர்மனியில் பிஎச்.டி.க்குப் பின் தற்காலிக ஒப்பந்தத்துக்கே பொதுவாக ஆறு வருடம்தான் வரம்பு. நிரந்தர ஆசிரியப் பணி எங்கே எளிது என்பதில் எனக்கு அனுபவமே இல்லை. ஐரோப்பாவில் அந்த இடங்கள் குறைவு என்று போஸ்ட்டாக் அண்ணன்கள் புலம்புவதைத்தான் கேட்டிருக்கிறேன்.

இங்கே நிரந்தரக் குடியிருப்பு அனுமதிக்கு ஐந்து வருடமும் டச்சு மொழித் தேர்வும் வேண்டும். செவ்வாய்க்கிழமை மாலை வகுப்புக்குப் போகிறேன். அந்தத் தொண்டையில் கரகரக்கும் 'க' மட்டும் இன்னும் வரவில்லை.