ஃபேமிலி லிங்க், யூடியூப் கிட்ஸ்: எங்கள் வீட்டு அனுபவம்

பெரியவள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது அவள் டேப்லெட்டில் ஃபேமிலி லிங்க் போட்டோம். இப்போது அவள் ஐந்தாம் வகுப்பு, சின்னவன் யூகேஜி. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பள்ளி விட்டு வந்ததிலிருந்து நாங்கள் திரும்பும் வரை பெரம்பூர் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது மாமாவும் அத்தையும்தான்.

ஃபேமிலி லிங்க், பிள்ளையின் டேப்லெட்டை நம் போனிலிருந்தே கட்டுப்படுத்த கூகுள் இலவசமாகத் தரும் ஆப். புது ஆப் எதை இறக்கினாலும் நம் போனுக்கு அனுமதி கேட்டு வரும். அன்றைய நேரம் முடிந்ததும் டேப்லெட் பூட்டிக்கொள்ளும். தூங்கும் நேரத்துக்குத் தனிப் பூட்டு உண்டு. எனக்கு ரொம்பக் கைகொடுத்தது பெற்றோருக்கான குறியீட்டு எண். கிண்டி ஆபீஸில் வேலையில் இருப்பேன், அத்தை கூப்பிடுவார்: "டியூஷன் மிஸ் அனுப்பின பாடத்தைப் பார்க்கணுமாம், பூட்டிக்கிச்சும்மா." என் போனில் தெரியும் எண்ணைச் சொன்னால் அவரே தட்டித் திறந்துவிடுவார். வீட்டில் நெட் இல்லாவிட்டாலும் திறக்கும். எண் மாறிக்கொண்டே இருப்பதால் பெரியவள் மனப்பாடம் செய்துவைக்கவும் முடியாது.

குழந்தைகளுக்கென்றே இருக்கும் யூடியூப் கிட்ஸ் ஆப்பில் வயதுவாரியாக மூன்று பிரிவுகள்: 4 வயது வரை, 5 முதல் 8, 9 முதல் 12. சின்னவனுக்கு இவை எதையும் வைக்கவில்லை. 'பெற்றோர் அனுமதித்தவை மட்டும்' என்று தனியாக ஒரு அமைப்பு இருக்கிறது, அதைத்தான் வைத்திருக்கிறேன். வயதுப் பிரிவுகளில் வீடியோக்களைச் சலித்துத் தருவது பெரும்பாலும் கணினிதான், தப்பித் தவறி ஏதாவது நுழைந்துவிடும். அதோடு பொம்மைப் பெட்டி பிரிக்கும் வீடியோ ஒன்று முடிந்தால் இன்னொன்று, முடிவே இல்லை. இந்த அமைப்பில் தேடும் வசதியே இருக்காது, நாம் பொறுக்கிய சேனல்களும் வீடியோக்களும் மட்டும்தான். அதைப் பொறுக்க உட்கார்ந்து நேரம் ஒதுக்க வேண்டும். ஆத்திசூடி, டைனோசர், காகிதத்தில் பொம்மை செய்வது என்று சேர்த்தேன். முதலில் "போரடிக்குது" என்று அழுதான். இப்போது பார்த்ததையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானாகவே கீழே விளையாடப் போகிறான். எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

இத்தனை பூட்டும் தாத்தா போனில் செல்லாது. ஷார்ட்ஸில் கோயில், சமையல் என்று தள்ளிக்கொண்டே போனால் நாலாவது விரல் தள்ளலில் அடிதடியோ ஆபாசப் பேச்சோ வந்து நிற்கும். மாமாவிடம் இதைப் பக்குவமாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது. "உங்க போன்ல தப்பில்ல மாமா, அவன் கைக்குப் போனா எதையெதையோ காட்டுது" என்றேன். ஸ்கிரீன் லாக் போட்டுத் தரச் சொல்லி அவரே கேட்டார். யூடியூபில் 'கட்டுப்படுத்தப்பட்ட பயன்முறை'யையும் போட்டேன். அது எல்லாவற்றையும் தடுத்துவிடாது என்றாலும் நிறைய வடிகட்டுகிறது, கமெண்ட்டுகளையும் மறைத்துவிடுகிறது. ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியாகப் போட வேண்டும், ஹாலில் இருக்கும் டிவி உட்பட.

இன்னொன்று, பிள்ளைக்கு யார் என்ன மெசேஜ் அனுப்புகிறார்கள் என்று ஃபேமிலி லிங்க் காட்டாது. பெரியவள் விளையாடிய ஒரு படம் வரையும் கேமில் யாரோ "எந்த ஸ்கூல், எந்த ஏரியா?" என்று கேட்டிருக்கிறார்கள். டேப்லெட்டோடு நேராகச் சமையலறைக்கு வந்து காட்டினாள். 'எது வந்தாலும் காட்டு, பிடுங்கி வைக்க மாட்டோம்' என்று அவளிடம் அடிக்கடி சொல்வோம், அந்தத் தைரியம்தான். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த ஆளை பிளாக் செய்து, கேமுக்குள்ளேயே புகார் கொடுத்து, சாட் வசதியை அணைத்தேன். டேப்லெட் அவளிடமே இருந்தது.

அந்த ஆள் படம் கேட்டிருந்தாலோ மிரட்டியிருந்தாலோ மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் கொடுத்திருப்பேன். குழந்தைகள் தொடர்பான புகாரை அங்கே பெயர் சொல்லாமலும் பதியலாம். 1098 குழந்தைகள் உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். அத்தை போனிலும் அதைப் பதிந்து வைத்திருக்கிறோம்.

பிள்ளை கையில் இருப்பது ஐபோனோ ஐபேடோ என்றால் ஃபேமிலி லிங்க்கின் நேரக் கட்டுப்பாடு அதில் வேலை செய்யாது. அதற்கு ஆப்பிளின் ஸ்கிரீன் டைம் இருக்கிறது, செட்டிங்ஸிலேயே கிடைக்கும்.