இணையவழி கோடிங் பூட்கேம்ப்: மொரீஷியஸிலிருந்து ஒரு மதிப்பீடு

சென்னையிலிருந்து ஒரு நிறுவனம் தமிழும் ஆங்கிலமும் கலந்து நடத்துகிற ஆறு மாத ஃபுல் ஸ்டாக் பூட்கேம்ப்பில், அதாவது இணையச் செயலியின் திரைப் பகுதி முதல் தரவுத்தளம் வரை எழுதக் கற்றுத்தரும் தீவிரப் பயிற்சியில், சேர்ந்து, அதை முடித்துச் சான்றிதழும் பெற்ற பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே வகையில் பயிற்சி நடத்தும் நிறுவனங்கள் இன்று பல உள்ளன. அவற்றின் விளம்பரங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் பெயரைத் தவிர வேறு வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம். ஆயத்த ஆடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்ப்பவள் என்ற முறையில், செலவழித்த தொகைக்கு என்ன வந்தது என்று பார்ப்பது என் பழக்கம். இந்தப் பயிற்சியையும் அப்படியே பார்க்கிறேன்.

கட்டணம் மொரீஷியஸ் ரூபாயில் ஏறத்தாழ 55,000. இதில் நேரலை வகுப்புகள், பதிவு செய்யப்பட்ட காணொளிகள், வாரந்தோறும் ஒரு செயல்திட்டம், அதைப் படித்துத் திருத்தம் சொல்லும் மென்ட்டர், இறுதியில் வேலைவாய்ப்பு உதவி ஆகியவை அடங்கும் என்பது ஒப்பந்தம். பாடத்துக்காகவே இவ்வளவு பணம் என்று யாராவது நினைத்தால் அது வீண்செலவு. இணையப் பக்கங்களை உருவாக்க உதவும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றையும் 2014இல் தொடங்கப்பட்ட ஃப்ரீகோட்கேம்ப் என்ற இணையதளம் ஒரு காசு வாங்காமல் கற்றுக்கொடுக்கிறது; நாம் எழுதியது சரியா என்று அங்கேயே சோதித்தும் காட்டிவிடுகிறது. கணினி அறிவியலின் அடிப்படை வேண்டும் என்பவர்களுக்கு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 வகுப்புகள் ஸ்கிராட்ச் என்ற எளிய நிரல்மொழியில் தொடங்கி, சி மொழி, பைத்தான், தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல் வரை முழுவதும் இலவசமாகக் கிடைக்கின்றன. என் பூட்கேம்ப்பின் காணொளிகளில் இவற்றைவிடத் தெளிவான விளக்கம் எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஆகவே அந்த 55,000 ரூபாய் உண்மையில் வாங்கித் தருவது ஒன்றே ஒன்றுதான்: நாம் எழுதிய நிரலை இன்னொரு மனிதர் உட்கார்ந்து படித்து, எங்கே தவறு, ஏன் தவறு என்று எழுதித் தருவது. இந்த ஒரு சேவை ஒழுங்காக நடந்தால் பூட்கேம்ப் நல்லது. நடக்காவிட்டால், மற்ற எல்லாம் சிறப்பாக இருந்தாலும் அது விலை உயர்ந்த காணொளித் தொகுப்புதான்.

முதல் இரண்டு மாதங்களில் எங்கள் பேட்ச்சுக்கு அமைந்த மென்ட்டர் இந்தச் சேவையை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு இலக்கணமாக இருந்தார். சென்னை மாணவர்கள் அவரை ‘அண்ணா’ என்று அழைத்தார்கள். வயதில் மூத்தவளான நான் ‘தம்பி’ என்று அழைக்கத் தயங்கி, ‘சார்’ என்பதோடு நிறுத்திக்கொண்டேன். கடைகளுக்கான பில் தயாரிக்கும் செயலி ஒன்றை ஒவ்வொருவரும் எழுத வேண்டியிருந்தது. மொரீஷியஸிலிருந்தே சேர்ந்திருந்த இன்னொரு மாணவர், இங்குள்ள 15 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரியைச் சேர்த்துக் கணக்கிடும்படி அதை எழுதியிருந்தார். பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. மென்ட்டர் திருத்தம் எதையும் எழுதித் தராமல், உலாவியில் நிரல்வரிகளை அடித்துப் பார்க்க உதவும் கன்சோலைத் திறந்து 0.1 + 0.2 என்று அடித்துப் பார்க்கச் சொன்னார். விடை 0.30000000000000004 என்று வந்தது. பத்தின் அடிமானத்தில் மூன்றில் ஒரு பங்கை முடிவாக எழுத முடியாததைப் போலவே, இரண்டின் அடிமானத்தில் இயங்கும் கணினியால் 0.1 என்ற எண்ணைத் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே பணத் தொகைகளை ரூபாயில் வைக்காமல் சதத்தில் முழு எண்களாக வைத்துக் கணக்கிட்டு, திரையில் காட்டும்போது மட்டும் நூறால் வகுக்க வேண்டும் என்பது அவர் தந்த விளக்கம். கணக்குப் பிரிவில் ஒரு சதம் ஒத்துவராததால் மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்தக் குறிப்பின் அருமை தெரியும்.

அதே செயலியில் அவர் பிடித்த இன்னொரு பிழை அதைவிட நுட்பமானது. 15ஆம் தேதியிட்டுச் சேமித்த பில், தரவுத்தளத்தில் 14ஆம் தேதி என்று பதிவாகியிருந்தது. மொரீஷியஸ் நேரம் உலகப் பொது நேரத்தைவிட நான்கு மணி நேரம் முன்னால் இருக்கிறது. 15ஆம் தேதி நள்ளிரவு 12 மணி என்று உள்ளூர் நேரத்தில் உருவாக்கப்படும் தேதியை ஜாவாஸ்கிரிப்ட் பொது நேரப்படி எழுதிய எழுத்துத்தொடராக மாற்றும்போது அது 14ஆம் தேதி இரவு 8 மணி ஆகிவிடுகிறது. நேரத்தை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் எடுத்து வைத்தால் ஒரு நாள் காணாமல் போய்விடும். குளிர்காலத்தில் லண்டனில் உட்கார்ந்து இதே நிரலைச் சோதிப்பவருக்கு இப்படியொரு பிழை இருப்பதே தெரியாது. செயலி வேலை செய்கிறதா என்று மட்டும் பார்க்கும் தானியங்கிச் சோதனை இதையெல்லாம் சொல்லாது. “இந்த மூன்று வரிகளும் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை, உங்களுக்கு விளங்குகிறதா?” என்று அவர் ஒருமுறை கேட்டு எழுதியிருந்தது, பல மணி நேரக் காணொளிகளைவிட எங்களுக்கு அதிகம் கற்றுத்தந்தது.

மூன்றாம் மாதத்தில் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அடுத்து வந்தவர்களுக்குப் பல பேட்ச்சுகளை ஒன்றாகக் கட்டிக் கொடுத்திருந்தார்கள் போலும். பந்தியில் இலைக்கு இலை அப்பளம் வைத்துக்கொண்டே போவதைப் போல, எல்லாருடைய நிரலுக்கும் ‘நன்று, தொடருங்கள்’ என்ற ஒரே குறிப்பு வரத் தொடங்கியது. வேண்டுமென்றே பாதியில் நிறுத்தி அனுப்பிய ஒருவருடைய செயல்திட்டத்துக்கும் அதே ‘நன்று’ கிடைத்தபோது, யாரும் படிப்பதில்லை என்பது உறுதியாயிற்று. நிர்வாகத்துக்கு எழுதினால், மதிப்பெண் குறைந்திருந்தால் மேல்முறையீடு செய்யலாம் என்று பதில் வந்தது. மதிப்பெண் குறையவே இல்லை, அதுதான் எங்கள் குறை என்பதை அவர்களுக்குப் புரியவைக்க இயலவில்லை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இந்தக் குறை இன்னும் பெரிதாகியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்த நிரலை மாணவர் அனுப்ப, அதற்குச் செயற்கை நுண்ணறிவே எழுதிய பாராட்டை மென்ட்டர் திருப்பி அனுப்பினால், இடையில் இரண்டு மனிதர்கள் எதற்கு என்று தெரியவில்லை. அதைத் தடை செய்வதால் பயனில்லை என்பது என் கருத்து. முதல் மென்ட்டர் கையாண்ட முறை எளிமையானது: வாரத்தில் ஒருநாள் ஜூம் அழைப்பில் பத்து நிமிடம், மாணவர் தன் நிரலின் ஏதாவது ஒரு பகுதியை வரிவரியாக விளக்க வேண்டும். எங்கிருந்து எடுத்திருந்தாலும் சரி, விளக்கத் தெரிந்தால் அது அவருடையது. அவர் போனதும் அந்த அழைப்பும் நின்றுவிட்டது.

பாடத்திட்டம் தரவுத்தளத்துக்கு மாங்கோடிபி, சேவையகப் பக்கத்துக்கு எக்ஸ்பிரஸ், நோட், திரைப் பகுதிக்கு ரியாக்ட் என்ற வழக்கமான நான்கும் சேர்ந்தது. ரியாக்ட் காணொளிகள் ‘கிரியேட் ரியாக்ட் ஆப்’ என்ற கருவியைக் கொண்டு தொடங்குகின்றன. அந்தக் கருவியைப் புதிய செயலிகளுக்கு இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று ரியாக்ட் குழுவே 2025 பிப்ரவரியில் அறிவித்துவிட்டது. வீட் போன்ற வேறு கருவிகளுக்கு மாறும்படியும் சொல்லியிருக்கிறது. எங்கள் திரையில் எச்சரிக்கைகள் வரிசையாக வந்து விழுந்தபோது, “அதைக் கண்டுகொள்ள வேண்டாம்” என்பதே வகுப்பில் கிடைத்த பதில். எஸ்க்யூஎல் பாடத்திட்டத்தில் அறவே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. வாடிக்கையாளர், பில், பணம் செலுத்தியது, மீதி என்று ஒன்றோடொன்று பிணைந்த தரவுகளுக்கு எஸ்க்யூஎல் கையாளும் அட்டவணைகளே இயல்பானவை. கணக்கு, வங்கி, ஹோட்டல் என எந்த அலுவலகத்துக்குள் போனாலும் முதலில் எதிர்ப்படுவது எஸ்க்யூஎல்தான். சிஎஸ்50இன் ஏழாம் வாரப் பாடத்தைத் தனியே படித்து இந்த இடைவெளியை நிரப்பிக்கொண்டேன்.

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியைப் பற்றிய பகுதியை மட்டும் மனமாரப் பாராட்டுவேன். இருவர் இருவராகச் சேர்த்து, ஒரே கோப்பின் ஒரே வரியை இருவரும் மாற்றும்படி செய்து, இரண்டையும் இணைக்கும்போது எழும் மெர்ஜ் முரண்பாட்டை அவர்களே பேசித் தீர்க்க வைத்தார்கள். தனியாக உட்கார்ந்து இலவசப் பாடம் படிப்பவருக்கு இந்த அனுபவம் எளிதில் வாய்க்காது.

நேரத்தைப் பொறுத்தவரை இந்தியப் பயிற்சி நமக்கு வசதியானது. சென்னையில் இரவு 8 மணிக்குத் தொடங்கும் வகுப்பு இங்கே மாலை 6.30க்குத் தொடங்குகிறது, போர்ட் லூயிஸில் வேலை முடித்து மெட்ரோவில் ரோஸ் ஹில் வந்து சேர்ந்து, ஒரு தேநீர் குடித்துவிட்டு உட்காரலாம். நியூயார்க்கில் மாலை 6 மணிக்கு நடக்கும் வகுப்பு நமக்கு விடியற்காலை 2 மணி. அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்கு மாற்றும் குளிர்காலத்தில் 3 மணி. மொரீஷியஸ் அந்தக் கடிகார மாற்றத்தை 1982-83இலும் 2008-09இலும் முயன்று பார்த்துவிட்டுக் கைவிட்ட நாடு. வருகைப்பதிவு விதிகள்தான் சென்னையைத் தவிர வேறு ஊர் இருப்பதாகவே கருதவில்லை. தைப்பூசம் இரு இடங்களிலும் அரசு விடுமுறை என்பதால் அன்று சிக்கல் இல்லை. ஆனால் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கை விடுக்கப்பட்டு, தீவே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, மின்சாரமும் இணையமும் இல்லாமல் வகுப்பைத் தவறவிட்டவர்களுக்கு வருகைக் குறைவு என்று மின்னஞ்சல் அனுப்பினார்கள். வானிலை அலுவலகத்தின் அறிவிப்பை இணைத்து அனுப்பிய பிறகும் அதை மருத்துவச் சான்றிதழாகக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள்.

வேலைவாய்ப்பு உதவியை நம்பி மொரீஷியஸிலிருந்து யாரும் சேர வேண்டாம். மாதிரி நேர்காணல்கள் சென்னை, பெங்களூரு நிறுவனங்களை மனத்தில் கொண்டு நடத்தப்படுகின்றன. இங்குள்ள தகவல் தொழில்நுட்ப மையமான எபேனில் பல நிறுவனங்கள் பிரான்ஸிலுள்ள வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்வதால், நிரல் எழுதத் தெரியுமா என்பதோடு பிரெஞ்சில் பேச வருமா என்பதையும் கேட்பார்கள். வேலை கிடைத்தவர்களின் விழுக்காடு என்று விளம்பரத்தில் போடும் எண்களையும் ஐயத்தோடு பார்ப்பது நல்லது. அமெரிக்காவில் லாம்ப்டா ஸ்கூல் என்ற பெயரில் புகழ்பெற்று, பின்னர் ப்ளூம்டெக் ஆன நிறுவனம் 86 விழுக்காடு வரை வேலை கிடைப்பதாக விளம்பரம் செய்திருந்தது. உண்மை நிலை 50 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது என்று கூறி, அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024 ஏப்ரலில் அதன்மீது நடவடிக்கை எடுத்தது.

எனக்கு இந்தப் பயிற்சி வேறு வழியில் பயன்பட்டது. அலுவலகத்தில் எக்செல் கோப்புகளைக் கையால் ஒப்பிட்டுப் பார்க்கும் மாதக் கடைசி வேலையை இப்போது நான் எழுதிய சிறு நிரல் செய்கிறது. இருக்கும் வேலையோடு நிரலாக்கத்தைச் சேர்த்துக்கொள்ள விரும்புபவர்களுக்கும், தனியே படித்தால் பாதியில் விட்டுவிடும் பழக்கம் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். பள்ளி முடித்த பிள்ளைகளைச் சேர்க்க நினைக்கும் பெற்றோர் முதலில் சிஎஸ்50ஐயோ ஃப்ரீகோட்கேம்ப்பையோ சில மாதம் படிக்கவிட்டு, அதன் பிறகு பணம் கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம்.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. ஒரு மென்ட்டருக்கு எத்தனை மாணவர்கள், நடுவில் அவர் போய்விட்டால் யார் வருவார், முந்தைய பேட்ச்சில் எழுதிய உண்மையான திருத்தக் குறிப்புகள் இரண்டைக் காட்ட முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். பணத்தைத் திரும்பப் பெறும் கெடுவையும் ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள்: எங்கள் ஒப்பந்தத்தில் அது முதல் ஏழு நாள்தான், முதல் செயல்திட்டத்துக்கான திருத்தக் குறிப்பு கைக்கு வருவதோ இரண்டாம் வாரக் கடைசியில். முதல் குறிப்பைப் பார்த்த பிறகு கெடு முடியும்படி அதை மாற்றித் தரக் கேட்கலாம். பணம் கட்டுவதற்கு முன் கேட்டால் மட்டுமே அதற்குச் செவிசாய்ப்பார்கள்.