மார்கோட் என்று சொல்லி விதைக்கன்றை விற்கிறார்கள்: மொரீசியஸில் லெச்சிக் கன்று வாங்குபவர்கள் கவனிக்க

காவடிச் சமயம் வந்தால் கோயில் பக்கம் வேன் போட்டு லெச்சிக் கன்று (லிச்சிப் பழக் கன்றுதான்) விற்பவர்களும் வருவார்கள். அதற்கு முன்னால் இதை எழுதிவிடுகிறேன். நான் ஏமாந்தது 2017இல். ஏமாந்தேன் என்று எனக்கே தெரிய ஏழு வருடம் ஆனது.

எனக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். வேலைக்கு வந்து, இப்போது தீவின் வடக்கே, குட்லண்ட்ஸ் அருகே வீடு. இங்கே தமிழர் கோயில்களுக்குக் குறைவில்லை, ஆனால் தெருவில் காதில் விழுவது கிரியோல்தான். அன்று கோயிலை விட்டு வெளியே வருகிறேன், ஒரு வெள்ளை வேன் பக்கத்திலிருந்து "வாங்க அண்ணே, லெச்சிக் கன்னு, அசல் மார்கோட்" என்று ஒரு குரல். அந்த 'வாங்க'விலேயே பாதி விழுந்துவிட்டேன்.

மார்கோட் என்றால் நம் ஊர் விண்பதியம். காய்க்கிற மரத்தின் கிளையில் பட்டையை வளையமாக உரித்து, ஈரப் பாசியோ மண்ணோ வைத்துப் பிளாஸ்டிக் தாளால் கட்டி, வேர் விட்டதும் அறுத்து நடுவது. அது மூன்றிலிருந்து ஐந்து வருடத்தில் காய்க்கும், பழமும் தாய்மரத்துப் பழம் மாதிரியே இருக்கும். விதைக்கன்று பத்து வருடமோ அதற்கு மேலோ இழுக்கும், அப்புறமும் பழம் எப்படி வரும் என்று உறுதி கிடையாது. வேன்காரர் தன்னுடையது டாய் சோ இரகம் என்றார். தென்னாப்பிரிக்காவில் அந்த இரகத்துக்குப் பெயரே 'மொரீசியஸ்'தான் என்று நான் எடுத்துக் கொடுத்தேன். லெச்சிக்கு 1782இல் தாவரவியல் பெயர் வைத்த பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சொனெரா இந்தத் தீவிலும் இருந்தவர், நம் பாண்டிச்சேரியிலும் இருந்தவர் என்று வேறு பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகத் தலையாட்டிக்கொண்டே நான்கு கன்றுகளை எடுத்து வைத்தார். ஒன்று 400 ரூபாய். ரசீது கேட்கத் தோன்றவில்லை.

தண்டின் அடியில் வளையமாக ஒரு வெட்டு இருந்தது. அதைச் சுற்றிப் பாசியும் கறுப்புத் தாளும் சணல் கயிறும். பார்க்க மார்கோட் மாதிரியேதான் இருந்தது.

நடும்போது ஒரு கன்றின் அடியிலிருந்து பளபளவென்று பழுப்பு நிறத்தில் ஏதோ உதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன், லெச்சிக் கொட்டையின் தோல், பாதி உடைந்தது. யாரோ தின்று போட்டது மண்ணோடு வந்திருக்கும் என்று தூக்கி எறிந்துவிட்டேன். கிளையிலிருந்து அறுத்த கன்றின் அடியில் கொட்டைத் தோலுக்கு என்ன வேலை என்று அன்று யோசித்திருந்தால் இந்தப் பதிவே வேண்டியதில்லை.

மரம் நன்றாகத்தான் வளர்ந்தது. ஒவ்வொரு தடவையும் செம்பு நிறத்தில் துளிர் விடும், பார்க்க அவ்வளவு அழகு. பூ மட்டும் இல்லை. நான்காம் வருடம் வேன்காரருக்கு ஃபோன் செய்தேன். "தண்ணி அதிகம் விடுறீங்க அண்ணே" என்றார். அதில் தப்பில்லை, குளிர்காலத்தில் மரம் கொஞ்சம் காய்ந்தால்தான் லெச்சி பூக்கும். மே மாதத்திலிருந்தே தண்ணீரை நிறுத்தினேன். அடுத்த வருடம் நேரில் வந்து, 'பூ மருந்து' என்று ஒரு பொட்டலம் கொடுத்து 600 ரூபாய் வாங்கிப் போனார். அது வெறும் உரம் என்று இப்போது நினைக்கிறேன். அதற்கும் துளிர்தான் வந்தது. டிசம்பரில் தெருவெல்லாம் வவ்வாலுக்குப் பயந்து மரங்களை வலையால் மூடுவார்கள். நானும் ஆசையாக வலை வாங்கி வைத்திருந்தேன். என் மரங்களை வவ்வால்கூட எட்டிப் பார்க்கவில்லை.

2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தது. பக்கத்து வீட்டுத் தாத்தாவின் இளம் லெச்சி மரம் வேரோடு சாய்ந்துவிட்டது. என் நான்கும் அசையாமல் நின்றன. அதைப் பெருமையாகச் சொல்லப் போனால், தாத்தா சிரிக்கவில்லை. "மார்கோட்டுக்கு ஆணிவேர் கிடையாது தம்பி, பெருங்காத்துக்குச் சாயத்தான் செய்யும். உங்களுது ஏன் சாயலை?" என்றார்.

கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்து வந்து அவரே ஒரு மரத்தடியில் தோண்டினார். விண்பதியக் கன்று என்றால் பழைய வளைய வெட்டோடு தண்டு முடிந்து, அங்கிருந்து நாலாபக்கமும் சல்லிவேர் போயிருக்க வேண்டும். இங்கே அப்படி எதுவும் இல்லை. தண்டு நேராகக் கீழே இறங்கி, என் கை மணிக்கட்டுத் தடிமனுக்கு ஒரு ஆணிவேராகப் போய்க்கொண்டே இருந்தது. விதைக்கன்றின் தண்டில் கத்தியால் மேலாகக் கீறி, பாசியைக் கட்டி விற்றிருக்கிறார்கள். மேல்பட்டையில் மட்டும் கீறியதால் கன்றும் சாகவில்லை.

அந்த ஃபோன் நம்பர் இப்போது வேலை செய்வதில்லை.

கன்று வாங்கும்போது ஒரு வாளித் தண்ணீர் கேளுங்கள். பையைப் பிரித்து வேரை அலசிப் பாருங்கள். வெட்டு இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், வெட்டுக்குக் கீழே தண்டு தொடர்கிறதா என்று பாருங்கள். தொடர்ந்தால் அது மார்கோட் இல்லை. நல்ல மார்கோட்டின் தண்டு கிளைத் தண்டு, கன்று சின்னதாக இருந்தாலும் பட்டை முதிர்ந்திருக்கும். வேர் கலைந்தால் கன்று செத்துப்போகும் என்று சொல்லித் தொட விடாதவரிடம் வாங்காதீர்கள். முடிந்தால் தாய்மரத்தின் கிளையில் பாசிப் பந்து கட்டியிருக்கும்போதே போய்ப் பார்த்துச் சொல்லி வையுங்கள்.

இரண்டு மரத்தை வெட்டிவிட்டேன். மற்ற இரண்டும் நிழலுக்கு நிற்கின்றன. தாத்தா தன் பெரிய மரத்தில் எனக்காக இரண்டு பந்து கட்டியிருக்கிறார், பிளாஸ்டிக் தாளுக்குள் வெள்ளை வேர் தெரிய ஆரம்பித்திருக்கிறது. போன காவடிக்கும் அதே இடத்தில் ஒரு வெள்ளை வேன் நின்றது. ஆள் வேறு. "வாங்க அண்ணே" மட்டும் அதேதான்.