அம்மாவின் இதயக் கட்டி: மார்பெலும்பைப் பிளக்காமல் நடந்த ஆபரேஷன்

அம்மாவுக்கு இதயத்தின் இடது மேலறையில் மிக்ஸோமா என்ற கட்டி. புற்றுநோய் இல்லை என்று டாக்டர் சொன்னார். ஆனாலும் எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) திரையில் அந்தக் கட்டி ஒவ்வொரு துடிப்புக்கும், இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வுக்குள் இறங்கி ஏறுவதைப் பார்த்ததும் எங்களுக்குக் கை கால் ஓடவில்லை. அதிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால் தள்ளிப்போட வழியில்லை.

வலது மார்புக்குக் கீழே, விலா எலும்புகளுக்கு நடுவே சுமார் 5 செ.மீ. வெட்டு. பக்கத்தில் கேமராவுக்கு ஒரு துளை. தொடை இடுக்கில் உள்ள ரத்தக்குழாய்கள் வழியாக இதயம், நுரையீரல் வேலையைச் செய்யும் ஹார்ட் லங் மெஷினை இணைத்து, இதயத்தை நிறுத்தித்தான் கட்டியை எடுக்கிறார்கள். சொந்தக்காரர்கள் இதைச் சின்ன ஆபரேஷன் என்று நினைத்துக்கொண்டார்கள். வெட்டு மட்டும்தான் சின்னது.

சர்ஜனை நான் முழு மனதோடு பாராட்டுவேன். மார்பெலும்பைப் பிளக்கும் வழக்கமான முறையைவிட இதில் மெஷினில் இருக்கும் நேரம் கூடலாம், உள்ளே சிக்கல் வந்தால் மார்பைத் திறந்துவிடுவேன் என்று கையெழுத்து வாங்கும் முன்பே சொல்லிவிட்டார். தொடை ரத்தக்குழாயிலும் மகாதமனியிலும் படிவு இருக்கிறதா என்று சிடி ஸ்கேனில் பார்த்த பிறகுதான் சம்மதித்தார். கட்டியை மட்டும் கிள்ளி எடுக்கவில்லை. கட்டியின் காம்பு ஒட்டியிருந்த, மேலறைகளுக்கு நடுவே உள்ள தடுப்புச்சுவரையும் கொஞ்சம் சேர்த்து வெட்டி, அந்த இடத்தை ஒட்டுப்போட்டு மூடினார். வேர் தங்கினால் மறுபடி வளரலாம் என்பதற்காக இப்படி. முடிந்ததும் உணவுக்குழாய் வழி எக்கோவில் கசிவு இல்லை என்று உறுதி செய்தார்கள்.

குறை வலி விஷயத்தில்தான். விலா இடுக்கு நரம்பு வலி இருமும்போது தீயாக எரியும் என்று வார்டில் ஒருவரும் எச்சரிக்கவில்லை. தொடைக் காயத்தில் நீர் கோத்தபோதும் நாங்களே போன் போட்டுத்தான் கேட்டோம். டிஸ்சார்ஜ் தாளில் இரண்டு வரி எழுதியிருந்தால் அம்மா அவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

அப்புறம், எலும்பு ஒன்றுசேர வாரக்கணக்கில் காத்திருக்கும் கட்டுப்பாடு இல்லாததால் சீக்கிரமே ஒருக்களித்துப் படுத்தார், கையூன்றி எழுந்தார். இனி வருடத்துக்கு ஒரு எக்கோ.

இந்த முறைக்குப் போகிறவர்கள் சர்ஜனிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், அதில் எத்தனை பேருக்குப் பாதியில் மார்பைத் திறக்க வேண்டி வந்தது? எங்கள் சர்ஜன் இரண்டுக்கும் தயங்காமல் எண்ணிக்கை சொன்னார்.