காற்றுப் பெட்டியா, எண்ணெய்ப் பெட்டியா?

டைட்டானிக் கிடப்பது சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில். அங்கே அழுத்தம் நாம் மேலே உணர்வதைப் போல 380 மடங்கு. ஆனாலும் பீங்கான் தட்டுகள் முழுசாகக் கிடக்கின்றன. கப்பலின் முன்பகுதி நீர் நிரம்பி இறங்கியதால் உருவம் குலையவில்லை. பின்பகுதியில் காற்று மாட்டிக்கொண்டது, நசுங்கிச் சிதைந்தது. நசுக்குவது ஆழமல்ல, உள்ளுக்கும் வெளிக்குமான அழுத்த வித்தியாசம்.

சரி, கடலுக்குள் கருவி இறக்க எந்தப் பெட்டி? உள்ளே காற்றோடு மூடியதா, எண்ணெய் நிரப்பியதா?

தாங்கும் திறன்
காற்று: முழுப் பாரமும் சுவர்மேல். கோள வடிவம் நல்லது; தட்டையான பக்கம்தான் முதலில் உள்வாங்கும்.
எண்ணெய்: உள்ளும் புறமும் ஒரே அழுத்தம். மெல்லிய தகரமே போதும்.

செலவு
காற்று: ஆழம் கூடக்கூட எகிறும். சென்னையில் உருவாகும் ஆழ்கடல் நீர்மூழ்கி மத்ஸ்யா 6000-இன் ஆள் அமரும் கோளம் 80 மில்லிமீட்டர் தடிமனுள்ள டைட்டானியம்!
எண்ணெய்: மலிவு.

பராமரிப்பு
காற்று: நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி சிக்கினால் போச்சு.
எண்ணெய்: திறந்தால் கையெல்லாம் பிசுபிசுப்பு. எண்ணெயும் கொஞ்சம் சுருங்கும், அதை ஈடுகட்ட நெகிழும் பை வேண்டும். அப்புறம், தமக்குள்ளே காற்று அடைபட்ட சில மின்னணுப் பாகங்கள் எண்ணெய்க்குள்ளேயே நசுங்கும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

மோட்டார், பேட்டரிக்கு எண்ணெய். கேமராவுக்குக் காற்று, மனிதருக்கு வேறு வழியே இல்லை. முப்பது நாற்பது மீட்டர்தான் என்றால், யோசிக்காமல் காற்றுப் பெட்டியே எடுங்கள்.