ஏற்காட்டுக்கு ஒரே பை: ட்ராலியா, ரெக்ஸின் பையா, முதுகுப்பையா?

சேலத்தில் இருந்து ஏற்காடு 30 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் சுமார் 1,200 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறோம், 20 கொண்டை ஊசி வளைவுகளில். இரண்டு நாள் தங்கப் போகிறவர் எந்தப் பையை எடுப்பது என்பதை இந்தச் சாலையே பாதி முடிவு செய்துவிடும்.

ட்ராலியை முதலில் பேசி முடித்துவிடலாம். பஸ்ஸில் சக்கரப் பெட்டி வளைவுக்கு வளைவு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும். அடிவாரம் தாண்டியதில் இருந்து அதற்குக் காலால் அணை கொடுத்தபடியே உட்கார வேண்டும். மேலே போனால் மேடும் பள்ளமும், கிளியூர் அருவிக்குப் படியிறக்கம். காலிப் பெட்டியே இரண்டரை கிலோ இருக்கும். சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்தில் விமானம் ஏறுகிறவர்களுக்கும் இதே தொல்லைதான்: இண்டிகோவில் கையோடு கொண்டுபோக 7 கிலோதான் கணக்கு, அதில் மூன்றில் ஒரு பங்கைப் பெட்டியே தின்றுவிடும். சொந்தக் காரில் போகிறீர்களா? சரி, எடுத்துக்கொள்ளுங்கள்.

ரெக்ஸின் ஜிப் பையைச் சும்மா ஒதுக்க முடியாது. எடையே தெரியாது, சீட்டுக்கு அடியில் தள்ளிவிடலாம், மடித்த பட்டு வேட்டி கசங்காமல் படுத்துக் கிடக்கும். கல்யாணத்துக்கு என்றால் என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் மலையில் ஒரே தோளில் தொங்கும் பை, படி இறங்கும்போது முன்னால் வந்து முட்டியில் இடிக்கும்.

மிச்சம் முதுகுப்பை. பாரம் இரண்டு தோளுக்கும் பிரிந்துவிடும், இரண்டு கையும் சும்மா இருக்கும். ஏற்காட்டில் இது பெரிய விஷயம், காரணம் குரங்குகள். கையில் தொங்குகிற பையில் பழமோ முறுக்கோ தெரிந்தால் போதும், பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிடும். ஒரே பை என்று கிளம்பிவிட்டுத் தின்பண்டத்துக்குத் தனியாக இன்னொன்றைத் தூக்குகிறவர்கள்தான் வழக்கமாக மாட்டுவார்கள்.

குறையும் உண்டு. மே மாதச் சேலத்தில் முதுகுப் பக்கம் சட்டை நனைந்து ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் கழற்றாமல் திரும்பினால் பின்னால் நிற்பவர் முகத்தில் இடிக்கும். மேல்வாய் மட்டும் திறக்கிற பை என்றால் அடியில் கிடக்கும் பனியனுக்காக மொத்தத்தையும் கொட்ட வேண்டும். மூன்று பக்கமும் ஜிப் திறப்பதாகப் பார்த்து வாங்குங்கள். 30, 35 லிட்டர் போதும். பெரிதாக வாங்கினால், இடம் இருக்கிறதே என்று எதையாவது திணிக்கத் தோன்றும்.

உள்ளே போகிற சாமானிலும் இதே போட்டிதான். டர்க்கி டவல் மூடுபனியில் மறுநாள் காலையிலும் ஈரமாகத்தான் இருக்கும். பருத்தித் துண்டு அதற்குள் காய்ந்துவிடும், தலைக்கும் கட்டிக்கொள்ளலாம். ஜீன்ஸ் ஒன்று போதும், அதுவும் போட்டிருப்பதாகவே இருக்கட்டும். பையை அடைக்கும் கம்பளி ஸ்வெட்டருக்குப் பதில் முழுக்கைச் சட்டைக்கு மேல் மெல்லிய மழைக்கோட்டு ஒன்று போதும். காற்று, சாரல் இரண்டையும் தாங்கும்.

திரும்பும்போது மிளகு, காபித்தூள் என்று எப்படியும் ஏறும், அதற்குக் கால்வாசி இடம் விடுங்கள். காபித்தூளை மட்டும் துணிகளோடு வைக்க வேண்டாம். இரண்டு கவர் போட்டாலும் சட்டையெல்லாம் மணக்கும். எனக்கு அதில் புகார் இல்லை, வீட்டில் துவைக்கிறவர்களுக்கு உண்டு.